ரெண்டாங்கட்டைக்கு ஒரு சவாரி

ஓய்வு பெற்றபின் எந்த ஊரில் உட்காரலாம் என்று பார்த்துவரத்தான் போனேன். "உட்கார்ற ஆளா நீங்க? மொதல்ல ஒரு எடத்துல நில்லுங்க" என்றாள் என் மனைவி தேவகி, விமானத்தில் என் கால் ஆடிக்கொண்டே வந்ததைப் பார்த்து. ஆடாமல் என்ன செய்யும்? ஈப்போவில் முப்பது வருடம் தமிழ்ப்பள்ளி வாத்தியார். வீட்டுக்கு வந்தால் கவிதையுமில்லாத உரைநடையுமில்லாத ஏதோ ஒன்றை எழுதிக் கிழிப்பவன். எங்கள் ஊரில் தமிழ் வகுப்பறையில் இருக்கும், கோயிலில் இருக்கும், கல்யாண மண்டபத்தில் இருக்கும். வாசலைத் தாண்டினால் செருப்போடு அதையும் கழற்றி வைத்துவிட்டு மலாயோ சீனமோ ஆங்கிலமோ மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். தமிழ் தெருவில் திரிகிற ஊரில் கிழவனாக வேண்டும் என்று எனக்கு ஆசை.

தேவகிக்கு அப்படி ஓர் ஆசையும் கிடையாது. அவள் அரசு மருத்துவமனையில் இருபத்தெட்டு வருடம் தாதி. பார்வை நேரம் முடியும்வரை வாசலையே பார்த்திருந்துவிட்டு, யாரும் வராமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்தவள். எங்களுக்கு ஒரே மகள், அவளும் பெர்த்தில். தேவகி கேட்டது ஒரே கேள்விதான். "நடமாடுற வரைக்கும் எல்லா ஊரும் நல்ல ஊருதான். படுத்துட்டா யாரு வந்து எட்டிப் பார்ப்பா?"

"போய்ப் பார்ப்போமே" என்றேன். சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூரில் ஓர் அடுக்குமாடி வீடு. சொந்தக்காரர் துபாயில். ஒரு வாரம் தங்கிப் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று தரகர் போனில் சொல்லியிருந்தார்.

முதல் நாள். இரவு தங்கிய விடுதியில் பெட்டியை விட்டுவிட்டு, தாம்பரம் ரயில் நிலையத்துக்கு எதிரே நின்று சுற்றிலும் வாசித்தேன். வேறு எதுவும் செய்யவில்லை, வாசித்தேன். பலகை, சுவர், லாரியின் முதுகு, பேருந்தின் நெற்றி. 'இங்கு சிறுநீர் கழிக்காதீர்' என்பதைக்கூட ஒரு வரிக்கவிதைபோல இரண்டு தரம் வாசித்தேன். ஒரு கண்டக்டரும் ஒரு பூக்காரம்மாவும் சண்டை போட்டார்கள். முழுக்க முழுக்கத் தமிழ்ச் சண்டை! என் மாணவர்கள் ஒருவருக்கும் நான் கற்றுத்தராத வினைச்சொற்கள் அதில் இருந்தன. குறிப்பேட்டை எடுத்தேன். "உள்ள வைங்க லா, ஒதை வாங்கித் தராதீங்க" என்றாள் தேவகி.

எந்தக் காரியத்துக்கும் முன்னால் அவளுக்குக் கோயில். ரோஜா மாலையும் தேங்காயும் வாங்கிக்கொண்டு போனால் உச்சிக்கால நடை சாத்திவிட்டார்கள். சரி, மாலையை வீட்டு வாசலிலேயே போட்டுவிடலாம் என்று கையிலேயே வைத்துக்கொண்டாள். நான் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை. முப்பது வருட வாத்தியார் பழக்கம். இந்தக் கோலத்தில் ஓர் ஆட்டோவைக் கைகாட்டினோம்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஈப்போப் பக்கம் தூரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். வெள்ளைக்காரன் நட்டுவிட்டுப் போன மைல்கல்தான் கட்டை. என் பள்ளிக்கூடம் மூணாங்கட்டையில். நல்ல மீன்தலைக் கறி வேண்டுமென்றால் அஞ்சாங்கட்டைக்குப் போக வேண்டும். கல்லெல்லாம் பிடுங்கிக் கிலோமீட்டர் வந்த பிறகும் வாயிலிருந்து கட்டை போகவில்லை. தரகர் "தாம்பரம் ஸ்டேஷன்லேருந்து மூணு கிலோமீட்டர் வரும் சார்" என்றதும் என் மனம் 'ரெண்டாங்கட்டை' என்று எழுதிக்கொண்டது.

"எங்க சார் போவணும்?" என்றார் ஆட்டோக்காரர். நாற்பது வயதிருக்கும். பேர் ஏழுமலை என்று பிற்பாடு தெரிந்தது.

"ரெண்டாங்கட்டைக்குப் போகணும் தம்பி. இரும்புலியூர்..." பின்பாதியை ஒரு 21ஜி பேருந்தின் ஹாரன் விழுங்கிவிட்டது.

அவர் முகம் மாறியது. என் வெள்ளை உடுப்பைப் பார்த்தார். தேவகி கையில் இருந்த மாலையைப் பார்த்தார். "கட்டைக்கா சார்?"

"ஆமா. ரெண்டாவது கட்டை."

"ரெண்டாவதா!" என்று உச்சுக் கொட்டினார். "இன்னா சார் கொடுமை இது. குந்துங்க சார். குந்துங்கக்கா."

"எவ்வளவு?"

"இதுக்குப் போயி பேரம் பேசுவாங்களா? குடுக்கறத குடுங்க."

சென்னை ஆட்டோவைப் பற்றி நான் கேள்விப்பட்டதெல்லாம் பொய் என்று தேவகியின் காதில் சொன்னேன். வண்டி போகப் போக அவரே பேச்சுக் கொடுத்தார். வெளியூரா என்றார், மலேசியா என்றேன். "போன்லயா சொன்னாங்க?" என்றார். "போன்லதான். உடனே கெளம்பிட்டோம்" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"வயசானதா சார்?"

"இல்ல தம்பி, புதுசு. கட்டி ரெண்டு வருஷம்கூட ஆகல."

"அடக் கடவுளே! கட்டி ரெண்டு வருசத்துலயா!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். இந்தப் பக்கத்துக் கட்டடங்களின் தரத்தை நினைத்து வருந்துகிறார் என்று நானும் வருந்தினேன்.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கி இரண்டு திருப்பம் திரும்பி ஒரு வளைவு வாசலில் நிறுத்தினார். வளைவில் இருந்த எழுத்துகளை யாரோ ஒருவரின் பிறந்தநாள் பதாகை மறைத்திருந்தது. உள்ளே சிமெண்டுப் பாதை, இருபுறமும் வேப்பமரம், உட்காரச் சிமெண்டுப் பலகை. எவ்வளவு அமைதி! எவ்வளவு காற்று! வாசலில் காக்கிச் சட்டைக் காவலாளி ஒருவர் பீடியோடு எழுந்து வந்தார்.

"பின்னாடி வந்துகினு கீறாங்களா சார்?"

"இல்லீங்க, நாங்க ரெண்டு பேருதான். சும்மா ஒரு பார்வை பார்த்துட்டுப் போலாம்னு. புடிச்சிருந்தா அடுத்த வருஷமே வந்துடுவோம்."

பீடி பாதி வழியில் நின்றது. "அக்காவுமா?"

"அவங்கதான் யோசிக்கிறாங்க. நீங்கதான் கொஞ்சம் எடுத்துச் சொல்லணும்."

"என்னங்க" என்றாள் தேவகி, ஊசி போடுமுன் நோயாளியிடம் பேசுகிற குரலில். "வாய மூடிக்கிட்டு அந்தப் பொகைக் கூண்டப் பாருங்க."

பார்த்தேன். புகைபோக்கி. கீழே தகரக் கொட்டகை. பாதையோரத்தில் உடைந்த பானை ஓடுகள். நான் ரசித்து ரசித்து மூச்சிழுத்த காற்றில் என்ன வாசனை என்பது அப்போதுதான் புரிந்தது.

கட்டை என்றால் இங்கே பிணம் என்றும், கட்டையில் போவதென்றால் சிதைக்குப் போவது என்றும் ஏழுமலை சொன்னார். கட்டை என்றால் மைல் என்று நான் சொன்னேன். ஒரு சொல்லின் இரு நுனிகளைப் பிடித்துக்கொண்டு சுடுகாட்டு வாசலில் நின்றோம். காவலாளிக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. ஏழுமலைக்குக் கண் கலங்கிவிட்டது. "வூடு பாக்க வந்தவங்கள இங்க இட்டாந்துட்டனே. என் வாயில மண்ண போட..." என்று தன்னையே வைதார்.

தேவகி சிரிக்கவும் இல்லை, வையவும் இல்லை. மாலையைக் கேட்டின் கம்பியில் மாட்டினாள். ஆட்டோவில் ஏறியபின் ஒன்று சொன்னாள். "படுத்துட்டா எங்க போவோம்னு கேட்டேன். மொத நாளே கொண்டாந்து காட்டிட்டாங்க. விடுதிக்குப் போகச் சொல்லுங்க. இன்னிக்கு வீடெல்லாம் வேணாம்."

அன்று மாலை மேற்குத் தாம்பரத்துச் சந்தைத் தெருவில் சுண்டலும் மிளகாய் பஜ்ஜியும் சாப்பிட்டேன். பஜ்ஜி பிரமாதம். பாதிக்குப் பாதி எண்ணெய். தேவகி விடுதியில் பெட்டியைத் திறக்காமலே வைத்திருந்தாள்.

இரண்டாம் நாள். காலையில் கீழே இறங்கினால் ஏழுமலை நிற்கிறார். யாரும் கூப்பிடவில்லை. வண்டியைக் கழுவி, சாமி படத்துக்குப் பூ வைத்து, தேவகிக்கென்று தனியாக ஒரு முழம் மல்லிகை. "அக்கா, நேத்து பேஜாராப் போச்சு. இன்னிக்கு நானே கொண்டு போயி வூட்டு வாசல்ல இறக்குறேன். வலது கால வெச்சி இறங்குங்க. அப்பதான் எனக்கு மனசு ஆறும்." மல்லிகையை நீட்டிய ஆளிடம் என்ன முரண்டு பிடிப்பது? பெட்டியோடு ஏறினோம்.

இரும்புலியூர்! பெயரிலேயே ஒரு புலி. "தெக்கேருந்து காத்தடிச்சா வண்டலூர் ஜூல சிங்கம் கத்தறது கேக்கும் சார்" என்றார் ஏழுமலை. தலைக்கு மேலே விமானப்படையின் பயிற்சி விமானங்கள் தும்பிபோல வட்டமிட்டன. சின்ன அடுக்குமாடி, மூன்று தளம், எங்களுக்கு முதல் மாடி. குழாயைத் திறந்தேன். அது ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு நிறுத்திக்கொண்டது. தண்ணீர் லாரி பகல் பதினோரு மணிக்கு வருமாம். ஈப்போவில் குழாய் என்பது மூடுவதற்காக இருக்கும் பொருள். தேவகி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதில் ஊருக்குத் திரும்பும் டிக்கெட் தெரிந்தது.

அப்போது கீழ்வீட்டிலிருந்து ஓர் அம்மா, தலையில் முக்காடு, கையில் ஒரு குடம் தண்ணீரோடு படியேறி வந்தார். ஐம்பது வயது. பேர் மைமூன். கணவருக்குக் கிழக்குத் தாம்பரத்தில் இரும்புச் சாமான் கடை. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முதல் வார்த்தையாகக் கேட்டார்:

"பசியாறிட்டீங்களா?"

தேவகி அப்படியே நின்றுவிட்டாள். ஈப்போவில் காலை எழுந்ததும் தமிழன் தமிழனைக் கேட்கும் முதல் கேள்வி அது. காலைச் சாப்பாடு என்றால் எங்களுக்குப் பசியாறுவது. தாம்பரத்தில் ஒரு நாள் முழுக்க 'டிபன் ஆச்சா' என்பதுதான் காதில் விழுந்திருந்தது. "நீங்க மலேசியாவா?" என்றாள் தேவகி.

"நானா? எங்க மலேசியா? நமக்கு ராமநாதபுரம் பக்கம். எங்க ஆளுங்க பசியாறன்னுதான் சொல்லுவாங்க. இங்க வந்த புதுசுல பால்காரர்ட்ட பசியாறிட்டீங்களான்னு கேட்டேன். அவரு, 'பால் பணம் கேட்டா, பசிக்கு அலையறேன்னு கிண்டலாம்மா'ன்னு கோச்சுக்கிட்டாரு."

பிறகு இடியாப்பம் வந்தது, தேங்காய்ப்பால் வந்தது. "சீனி போடவா?" என்றார் மைமூன். சர்க்கரை என்று சொல்லாமல் சீனி என்றதற்காகவே தேவகி இன்னும் இரண்டு இடியாப்பம் வாங்கிக்கொண்டாள். ஊரிலிருந்து துணிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்த இரண்டு பீங்கான் மங்குகளை (எங்கள் பேச்சில் கிண்ணம்தான் மங்கு) அன்றைக்குத்தான் வெளியே எடுத்தாள். ஆனாலும் பெட்டியை முழுதாகப் பிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் எனக்கு ஆகாத நாள். போனைத் தேவகியிடம் கொடுத்துவிட்டு, காலை ஏழரைக்கெல்லாம் தனியாகத் தாம்பரம் கடைத்தெருவுக்குப் போனேன். இன்னொரு மங்கு வாங்கலாம் என்று பாத்திரக்கடையில் கேட்டேன். 'மணிக்கு' என்று காதில் விழுந்திருக்க வேண்டும், "எத்தன மணிக்கா சார்?" என்றார் கடைக்காரர். ரொட்டிக்கடையில் பிரெட்டை எங்கள் வழக்கப்படி ரோத்தி என்று கேட்டேன். "சப்பாத்தி இல்ல சார்" என்றார். காப்பித்தூளைக் கோப்பி என்று கேட்ட மளிகைக் கடையில் எனக்கு ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக் காட்டினார்கள். கடைசியில் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "சார் சிலோனா?" ஒருவர் கேரளாவா என்றார். அது இன்னும் வலித்தது. முப்பது வருடம் காப்பாற்றி எடுத்து வந்த தமிழை எந்தக் கடையிலும் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

திரும்பும்போது நிறுத்தத்தில் ஒரு வெள்ளைப் பேருந்து நின்றது. செங்கல்பட்டுப் பக்கம் பார்த்து நின்றதால் ஏறி உட்கார்ந்தேன். டிக்கெட் கேட்க யாரும் வரவில்லை. உள்ளே அத்தனை பேரும் நீலச் சட்டையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இரும்புலியூர் வந்தது, வண்டி நிற்கவில்லை. எழுந்து "இறங்கணும், இறங்கணும்" என்றேன். பக்கத்து இளைஞர் கண்ணைத் திறந்து என் வெள்ளைச் சட்டையைப் பார்த்து விறைப்பாக உட்கார்ந்தார். "குட் மார்னிங் சார். புது மேனேஜர்ங்களா?"

அது ஊர்ப் பேருந்து இல்லை, தொழிற்சாலைப் பேருந்து. மறைமலை நகரில் உதிரிப்பாகம் செய்யும் ஆலை ஒன்றின் வாசலில் போய்த்தான் நின்றது. வரிசையாக இறங்கியவர்கள் எனக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்கள். வாசல் காவலர் என்னை ஒரு மணி நேரம் உட்கார வைத்து விசாரித்தார். "சிலோனா சார்?" அங்கேயும் அதே கேள்வி. கடைசியில் ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து, ரயில் நிலையத்துக்கு வழி காட்டி அனுப்பினார். ரயில் சரியாக வரவில்லை. வந்தபோது உட்கார இடமில்லை. யாரிடமாவது போன் கேட்கலாம் என்றால் எண் மனப்பாடம் இல்லை.

ஜன்னலோரம் தொங்கிக்கொண்டே முடிவு செய்துவிட்டேன். ஈப்போவில் தப்பான பேருந்தில் ஏறினால் ஓட்டுநரே "சார், உங்க வண்டி இதில்ல" என்று இறக்கி விடுவார். பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். இங்கே நான் வெறும் வெள்ளைச் சட்டை. முதல் நாள் பார்த்து பிணத்துக்கு ஆள் என்றார்கள், மூன்றாம் நாள் மேனேஜர் என்றார்கள். தேவகி சொன்னதுதான் சரி. போய்ச் சொல்லிவிட வேண்டும்: வா, திரும்பிப் போவோம்.

தாம்பரத்தில் இறங்கும்போது மணி இரண்டு. ஆட்டோ நிலையத்தைத் தலையைக் குனிந்துகொண்டு கடந்தேன்.

"சார்! வெள்ளச் சட்ட! நீங்கதான கட்டை சாரு?"

திரும்பினேன். முன்பின் பார்த்திராத ஓர் ஆட்டோக்காரர். "நீங்க... யாரு?"

"நான் யாரா இருந்தா இன்னா? ஒன்ன காணோம்னு ஊரே தேடுது. ஏழுமல வண்டலூர் வரைக்கும் போயி பாத்துட்டு வந்துகினு கீறான். ஏறு சார்." ஏறுவதற்குள் போனில் கத்தினார்: "மச்சான்! கெடச்சிட்டாரு! கட்டை சாரு கெடச்சிட்டாரு! உசுரோட!"

நிலையத்தில் இருந்த நாலைந்து பேரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குப் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள்! மூன்று நாளில்! முப்பது வருடம் பட்டப்பெயர் வாங்கிய வாத்தியாருக்குத்தான் அதன் அருமை தெரியும். பட்டப்பெயர் சும்மா யாருக்கும் கிடைக்காது, தினமும் உன்னைப் பற்றிப் பேசினால்தான் கிடைக்கும். கால் மறுபடி ஆட ஆரம்பித்தது.

வீட்டு வாசலில் ஒரு கூட்டமே நின்றது. மைமூனின் கணவர் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்திருந்தார். ஏழுமலை என்னைப் பார்த்ததும், சந்தோஷமா கோபமா என்று தெரியாமல், "இன்னா சார் நீ, சொல்லாம கொள்ளாம! வூட்ல அக்கா பச்சத் தண்ணி குடிக்கல!" என்று அதட்டினார். பன்மையெல்லாம் போய் ஒருமைக்கு வந்துவிட்டார். அது எனக்கு மாலை போட்டதுபோல இருந்தது.

தேவகி எனக்கு முன்னால் படியேறினாள். மேலே போய்க் கதவைச் சாத்தியதும் நான் ஆரம்பித்தேன். "நீ சொன்னதுதான் சரி தேவகி. நாம திரும்பிப் போயிடலாம். இங்க என் பேச்சு யாருக்கும் புரியல. நான் யாருன்னு ஒருத்தருக்கும் தெரியல. நாளைக்கு ஒண்ணுன்னா..."

"கொஞ்சம் நிறுத்துறீங்களா?" என்றாள். என் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். பழக்கம். "படுத்துட்டா யாரு எட்டிப் பார்ப்பான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்ல? நீங்க படுக்கல. நல்லா இருந்துக்கிட்டே தொலைஞ்சீங்க. அதுக்கே நாலு ஆட்டோ போயிருக்கு. அந்தம்மா புருசன் கடையச் சாத்திட்டு வந்திருக்காரு. ஈப்போவுல இப்ப யாரு இருக்கா நமக்கு? பக்கத்து வீடு வித்துட்டாங்க, எதிர் வீடு கோலாலம்பூரு போயிட்டாங்க."

"தண்ணி?"

"பதினோரு மணிக்கு லாரி வருது. நான் ரெண்டு குடம் புடிச்சேன். வரிசையில நின்னவங்க பேரெல்லாம் சொல்லவா?" சொன்னாள், ஆறு பேர்.

"என் தமிழு..."

"உங்க தமிழுதான் அவங்களுக்கு அடையாளம். மலேசியாக்காரர்னு சொன்னா முழிக்கிறாங்க. கட்டை சாருன்னா உடனே வண்டிய எடுக்குறாங்க. அது போதாது?" எழுந்து போனாள். அவள் பெட்டியின் அடிவரை பிரித்து, சேலைகளை அலமாரியில் அடுக்குகிற ஓசையைக் கேட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். ஓர் இடத்தில், அசையாமல்.

மிச்ச நாட்கள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடின. கோவிலம்பாக்கத்தில் மைமூனின் நாத்தனார் வீட்டில் பிரியாணி. ஒருநாள் விடியலில் நிஜமாகவே தெற்குக் காற்றில் ஏதோ உறுமியது. சிங்கம் என்றேன் நான், தண்ணி லாரி என்றாள் தேவகி. பாத்திரக்கடைக்காரர் என்னைக் கண்டதும் "சார், மங்கு வந்திருக்கு" என்று கும்பா ஒன்றை நீட்டினார். வாங்கினேன்.

கடைசி நாள் காலை விமான நிலையத்துக்கு ஏழுமலைதான் கொண்டுபோனார். பாதி வழியில் அவருடைய போன் அடித்தது. "எங்க கீறேனா? ரெண்டாங்கட்டலேருந்து சவாரி ஏத்திகினு போறன்டா... டேய், அது இல்லடா! நம்ம கட்டை சாரு வூடு, இரும்புலியூரு!"

தாம்பரம் தாண்டி ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தினார். பெஞ்சில் காக்கிச் சட்டையில் ஒருவர் பொறையைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பொறை பாதியில் நின்றது. அன்றைக்குச் சுடுகாட்டு வாசலில் நின்ற காவலாளி.

"சார்! இன்னா சார், புடிச்சிருந்துச்சா?"

நான் வாயைத் திறக்குமுன் தேவகி ஆட்டோவிலிருந்து தலையை நீட்டினாள்.

"புடிச்சிருக்குண்ணே. அடுத்த வருஷமே வந்துடுறோம். ஆனா உங்ககிட்ட இப்ப இல்ல. அதுக்கு இன்னும் நாளாகும்."

அவர் தம்ளரை எங்கள் பக்கம் உயர்த்திக் காட்டினார்.

"நான் எங்கக்கா போவப்போறேன்? மெதுவா வாங்க!"